பெரணிக்குச் சாத்திய ஜன்னல்

அரியலூரில் எங்கள் வீடு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து மனைவி படுத்த பிறகு, தூசு ஆகாதென்று அவள் அறை ஜன்னலைச் சாத்தினேன். கொல்லையில் துவைக்கும் கல்லோரம் அவள் வளர்த்த பெரணித் தொட்டியையும் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தேன். நிழலில் வளரும் செடிதானே என்று நினைத்தேன். சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீர் அதற்கு ஆகாதென்று அவள் சொன்னதால், பிடித்து வைத்த மழைத்தண்ணீரையே ஊற்றினேன். ஆனாலும் குருத்துகள் விரியாமல் சுருண்டபடியே கருகின.

"ஜன்னலத் தொறங்க" என்று தினமும் கேட்பாள்.

"தூசு வரும், இருமுவ."

"செடியும் இருமுதா? நெழலுன்னா இருட்டுன்னு நெனச்சிட்டீங்களா?"

தூசு ஒரு சாக்குதான். அவளைக் கழுவித் துடைக்கும் என்னைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில்தான் ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அந்த வெட்கத்துக்காக அவளையும் அவள் செடியையும் அடைத்து வைத்தேன்.

நேற்று திறக்கப் போனேன். தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை. நான் இழுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவள் சொன்னாள்:

"விடுங்க. அந்தச் செடியையாவது வெளியில கொண்டு போய் வைங்க."