யன்னல் திறந்து பார்த்த படம்

1. வேண்டாம் என்ற இடம்

“வன்னியை விட்டிடுவம் அண்ணை” என்றார் விமலன்.

கிராமம் கிராமமாகப் போய்ப் படம் காட்டுவது என் வேலை. ஒரு பழைய வான் வண்டி, ஒரு புறொஜெக்ரர், இரண்டு ஸ்பீக்கர், மடித்துக் கட்டும் திரை. இவ்வளவுதான் என் தியேட்டர். விமலன், இப்போது நான் கொண்டு திரியும் படத்தை எடுத்த இளம் குழுவின் ஒருங்கிணைப்பாளர். யாழ்ப்பாணத்தில் காட்டியாயிற்று, மட்டக்களப்பில் காட்டியாயிற்று. மிச்சம் வன்னிதான்: வட்டக்கச்சி, நெடுங்கேணி, பிறகு முல்லைத்தீவுக் கரை.

படம் இன்னும் இருபது வருடத்துக்குப் பிறகு நடக்கிறது. கடல் ஏறிப் பாதி நாட்டை விழுங்கிவிட்டது. கையில் அடையாளப் பட்டி கட்டாதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. தலைக்கு மேலே ஆளில்லா விமானங்கள் ஓயாமல் சுற்றுகின்றன. ஒரு பெண் பட்டியை அறுத்தெறிந்துவிட்டுக் கடலேரியான களப்பைக் கடந்து அக்கரைக்குப் போகப் புறப்படுகிறாள்.

“அந்தச் சனம் சண்டைக்குள்ள பட்டது காணும். திரும்பவும் அதுகளின்ர தலைக்கு மேல சுத்த விடுறதோ? ஆரும் மயங்கி விழுந்தா ஆர் பொறுப்பு?”

“அவையளைக் கேட்டனீங்களோ?”

“கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம்.”

“அது கேட்டாத்தானே தெரியும்.”

நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தான். எங்களுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று வெளியே இருக்கிற ஒருவர் முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விமலன் கெட்டவரல்ல. பயந்தவர், அதுவும் மற்றவர்களுக்காகப் பயந்தவர். அப்படியானவர்களோடு சண்டை பிடிப்பதுதான் கஷ்டம். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வட்டக்கச்சியில் ஒரு காட்சி. அவரும் வந்து இருப்பார். ஏதும் பிசகு நடந்தால் மற்ற ஊர்கள் ரத்து.

2. பகலுக்குள் ஒரு இரவு

வட்டக்கச்சி மாதர் சங்கத் தலைவி இராசமலர் அக்காவிடம் படத்தில் என்ன வரும் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மேலே சுற்றுகிற சத்தம் வரும் என்றும் சொன்னேன். அவா பாக்கை மென்றபடி கேட்டுவிட்டு, “ஊருக்குச் சொல்லுறன். விருப்பமானவை வரட்டும். ஆனால் பின்னேரம் மூண்டு மணிக்கு வையுங்கோ. பொழுதுபட்டா யானை இறங்கும், பொம்பிளையள் வர மாட்டினம்” என்றா.

மூன்று மணிக்குப் படம் என்றால் முதல் வேலை ஊர் மண்டபத்து யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடிப்பது. பகலுக்குள் ஒரு இரவைத் தைத்து வைப்பதுதான் என் தொழிலின் பாதி. எவ்வளவு இறுக்கி அடித்தாலும் துணியின் ஊசி ஓட்டைகளால் வெயில் வரும். அன்றும் அது நிலத்தில் குறுணி அரிசி மாதிரிச் சிந்திக் கிடந்தது.

கரண்ட் போனால் என்று வாசலுக்கு வெளியே ஒரு ஜெனரேற்றர். அதைக் கவனிக்கும் பொறுப்பைக் கணேசண்ணை தானாகக் கேட்டு எடுத்துக்கொண்டார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களோடு காலம் போக்கியவர். “நீர் படத்தைப் பாரும். கரண்டை நான் பாக்கிறன்” என்றார்.

3. இவள் ஓடிப் பழகேல்ல

மண்டபம் நிறைந்தது. பெரும்பாலும் பெண்கள். விமலன் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சிரிப்பு, படத்தில் யாரும் சிரிக்காத இடத்தில் வந்தது. கதாநாயகி தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாள். பட்டியைக் காட்டினால் ஒரு பெட்டி ‘இன்று உங்கள் முறை இல்லை’ என்கிறது.

“இது பெற்றோல் கியூவெல்லோ” என்றது ஒரு குரல்.

“இருவது வருசத்துக்குப் பிறகாம்.”

“அதுக்கிடையில திரும்பவும் வந்திட்டுதாக்கும்.”

பிறகு அவள் இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடுகிறாள். கையில் தாயின் படம் மட்டும். மண்டபம் முழுக்க ஒரு அதிருப்தி முணுமுணுத்தது.

“தண்ணிப் போத்தல் எடுக்கேல்லப் பாரன்.”

“ஐடென்டிக்காட்?”

“அதைத்தானே அறுத்தெறிஞ்சவள்.”

“செருப்பாவது போட்டிருக்கலாம். இவள் ஓடிப் பழகேல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். விமலன் சிரிக்கவில்லை. வேறு ஊர்களில் அந்த இடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டிருந்தது. எனக்கென்றால் சந்தோசமாக இருந்தது. இந்தச் சனம் படத்தின் முன்னால் குந்திக்கொண்டு இருக்கவில்லை, அந்தப் பெண்ணோடு கூடப் போய்க்கொண்டிருந்தது.

4. கறுப்பு

படத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஊரின் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். திரை முழுக்கக் கறுப்பு. ஒன்றும் தெரியாது. மேலே சுற்றுகிற சத்தம் மட்டும் நீளமாக, கிட்டக் கிட்ட வரும். எடுத்தவர்கள் பெருமைப்பட்ட இடம் அது.

சண்டைக் காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானங்களின் அந்தச் சத்தத்துக்கு எங்களிடம் முன்னமே ஒரு பெயர் இருந்தது. வண்டு. ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. முன்வரிசைக் கதிரைகள் இரண்டு மூன்று நிலத்தில் உரசின. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த திரேசம்மா கதிரையை விட்டு இறங்கிச் சுவரோடு முதுகு சாய்த்து நிலத்தில் இருந்துகொண்டா.

அதேநேரம் வாசலில் நின்ற கணேசண்ணை உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். கறுப்பு. அவருக்குத் தெரிந்த கறுப்பு ஒன்றுதான். ஓடிப்போய்ச் சுவிட்சை ஜெனரேற்றர் பக்கம் மாற்றிவிட்டார். அந்தக் கணத்தில் உண்மையாகவே எல்லாம் நின்றது. வண்டும் நின்றது. வெளியே ஜெனரேற்றர் இரண்டு தரம் செருமிவிட்டு உறுமத் தொடங்கியது.

மண்டபத்தில் ஒவ்வொரு கையிலும் போன் லைற். யார் முதலில் ஏற்றினார்கள் என்று தெரியாது. எங்கள் கைகளுக்கு அது பழக்கம்.

“கணேசண்ணை, கரண்ட் படத்துக்குள்ளதான் போனது” என்று யாரோ கத்த, சிரிப்பும் ஏச்சும் ஒன்றாகக் கிளம்பின. அவர் வாசலில் வந்து நின்று, “அதை முதலே சொல்லுறதில்லையோ?” என்றார்.

விமலன் என்னிடம் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. “காணும் அண்ணை. நிப்பாட்டுவம். அங்க ஒரு அம்மா நிலத்தில கிடக்கிறா.”

5. பல்ப் ஆறும் வரை

புறொஜெக்ரர் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் உள்ளே விசிறியும் நின்றுவிடும். பல்ப் வெந்துபோய் இருக்கும். உடனே போட்டால் வெடிக்கும். மாற்றுப் பல்ப் என்னிடம் இல்லை. ஆறும் வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் காற்று வெளியேறும் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடைவெளியில் விமலன் சனத்தின் முன்னால் போனார். “அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களைக் கஷ்டப்படுத்திப் போட்டம். படத்தை இதோட நிப்பாட்டுறம்.”

ஒருவரும் எழும்பவில்லை.

“ஆர் நிப்பாட்டச் சொன்னது?” என்று கேட்டா இராசமலர் அக்கா.

“அந்த அம்மா நிலத்தில...”

சுவரோரம் இருந்த திரேசம்மா தலையை நிமிர்த்தினா. “நான் விழேல்ல தம்பி, இருக்கிறன். அந்தச் சத்தத்துக்குக் கதிரையில இருக்க ஏலாது எனக்கு. நிலத்தில இருந்தா ஏலும்.”

“அதுதான் அம்மா, உங்களுக்கு ஏலாட்டி...”

“ஏலும் எண்டுதானே சொல்லுறன்.” திரையைக் கையால் காட்டினா. “அந்தப் பிள்ளை இப்ப இருட்டுக்க நிக்குது. நீங்கள் இதில நிப்பாட்டினா நான் வீட்ட போய் எப்பிடிப் படுக்கிறது? அவளைக் கரைக்குக் கொண்டுபோங்கோ. அதுக்குப் பிறகு எழும்புவம்.”

பெண்களிடமிருந்து “ஓம்” என்று வந்தது. ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லி அது மண்டபத்தைச் சுற்றி வந்தது.

“ஆனால் இப்பிடி அடைச்சு வைச்சு வேண்டாம்” என்றா இராசமலர் அக்கா. “இந்தப் பக்கத்து யன்னலைத் திறந்து விடுங்கோ. கதவும் திறந்து கிடக்கட்டும். சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. முழுப் படத்தையும் பாக்கிறம்.”

“அக்கா, வெளிச்சம் வந்தா படம் வெளிறிப் போடும்” என்றேன். தொழில் புத்தி, வாய் தானாகச் சொன்னது.

“வெளிறினா என்ன? கிட்டப் போய்ப் பாப்பம்.”

விமலனைப் பார்த்தேன். அவர் திரேசம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், முதல் யன்னலின் துணியைத் தானே இழுத்துக் கழற்றினார். பின்னேர வெயில் உள்ளே விழுந்தது.

புறொஜெக்ரரின் காற்று வாயில் சூடு தணிந்திருந்தது. பட்டனை அமர்த்தினேன். பல்ப் ஒரு தரம் மினுங்கியது, யோசித்தது, பிடித்துக்கொண்டது.

6. காற்று எந்தப் பக்கம்

என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக ஒரு படத்தைக் காட்டியதில்லை. நிறங்கள் தோய்த்துக் காயப்போட்ட சேலை மாதிரி இருந்தன. அவ்வளவு கவனமாக ஒரு படத்தை யாரும் பார்த்ததையும் நான் கண்டதில்லை. கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். திரேசம்மா எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றா. மறைக்குது என்று ஒருவரும் சொல்லவில்லை.

படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டதால் கறுப்பு இடம் திரும்பவும் வந்தது. இந்த முறை அது கறுப்பாக இல்லை. யன்னல் வெளிச்சத்தில் திரை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வெளியே மாடு ஒன்று கத்தியது. கணேசண்ணை இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார், நான் ஒண்டையும் தொடேல்ல என்று.

படத்தின் கடைசியில் அவள் ஒரு சின்ன வள்ளத்தில் களப்பின் நடுவில் போய்க்கொண்டிருப்பாள். கரை தெரியாது. அப்படியே முடிந்துவிடும். நான் திரேசம்மாவை நினைத்துப் பயந்தேன். கரைக்குக் கொண்டுபோகச் சொன்னவவுக்கு நடுத்தண்ணியைக் காட்டியிருக்கிறோம்.

விமலன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “படம் உங்களைப் பாதிச்சதோ?”

“பாதிக்காட்டி அதென்ன படம்?” என்றா இராசமலர் அக்கா.

“முடிவு... அவள் போய்ச் சேந்தாளோ இல்லையோ எண்டு நாங்கள் வேணுமெண்டுதான் காட்டேல்ல.”

திரேசம்மா இன்னும் திரைக்குக் கிட்டத்தான் நின்றா. “நீங்கள் காட்டேல்லத்தான். அவளின்ர தலைமயிர் முன்னுக்கெல்லே பறந்தது. காத்து பின்னால நிண்டு தள்ளுது. போய்ச் சேந்திடுவாள்.”

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டா.

7. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

அடுத்த நாள் விமலன் போன் எடுத்தார். “நெடுங்கேணி மண்டபத்தில எத்தினை யன்னல் அண்ணை?” அதற்குமேல் ரத்து என்ற பேச்சு வரவில்லை.

நல்ல இருட்டு, நல்ல சத்தம், நேரான திரை என்று இந்த வேலையில் சொல்லித் தருவார்கள். அதெல்லாம் சரிதான், பழகுங்கள். ஆனால் துணி அடிக்க ஆணியை எடுக்கும் முன் பார்க்க வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எவ்வளவு இருட்டு வேணும்? பதிலை நீங்களாக ஊகிக்காதீர்கள். முதல் ஊரில் கிடைத்த பதிலை அடுத்த ஊருக்குக் காவிக்கொண்டும் போகாதீர்கள்.

நானே அந்தப் பிழையைத்தான் செய்யப் பார்த்தேன். நெடுங்கேணியில் விமலனும் நானும் ஒரு பக்க யன்னல்களைத் திறந்தபடி விட்டு, ஸ்பீக்கரைத் தணித்து, ஆயத்தமாக நின்றோம். வந்த பெண்கள் வாசலில் நின்று மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்கள்.

“இதென்ன தம்பி, எல்லாம் திறந்து கிடக்குது?” என்றா ஒருத்தி. “மூடுங்கோ. சத்தத்தையும் கூட்டுங்கோ. முழுசாப் பாக்கவெண்டுதான் வந்தனாங்கள்.”