தொண்ணூற்றேழு நார்மலா?

“தொண்ணூற்றேழா? அது நார்மல்தானே. சும்மா ஏன் பதறுறியள்?”

போன வியாழக்கிழமை காலை என் மனைவி சுகந்தி குசினிக்குள் இருந்து சொன்ன வார்த்தைகள் இவை. நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? முப்பத்துநான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் எங்கள் கேற்றைத்தான் தட்டுவார்கள். “மிஸ்ஸி நிக்கிறாவோ?” காய்ச்சல் விஷயத்தில் மிஸ்ஸி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆனால் இந்த முறை காய்ச்சல் மனிதருக்கு அல்ல... எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு!

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

சுகந்தி பென்சன் எடுத்து எட்டு மாதமாகிறது. முதல் மாதம் பிரச்சினை இல்லை. பிறகு பார்த்தால், விடிய ஐந்தரைக்கே எழும்பிக் குளித்து, சேலை உடுத்து, போக இடமில்லாமல் விறாந்தைக் கதிரையில் இருப்பாள். கையில் பேப்பர் இருக்கும். பக்கம் திரும்பாது. “என்னப்பா?” என்று கேட்டால், “ஒண்டுமில்லை.” எனக்கு மனசுக்குள் என்னவோ செய்யும். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாது. பேப்பரின் மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்துவிடுவேன். இவ்வளவு எழுதுகிற மனிசனுக்கு வீட்டில் வாய் வராது!

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கொழும்பில் இருக்கும் தனியார் தாதியர் பயிற்சி நிலையம் ஒன்று இங்கே கிளை திறக்கப்போகிறதாம். தமிழில் படிப்பிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். இன்டர்வியூ வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, வீடியோவில். நாற்பது நிமிஷம். அதில் பத்து நிமிஷம் ஸ்லைட் போட்டு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

சுகந்தி கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். மடித்தாள். திரும்பவும் விரித்தாள்.

“இஞ்சேருங்கோ, எனக்கு இந்த வேலை வேணும்” என்றாள்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் என்னிடம் ‘வேணும்’ என்று கேட்ட சாமான்களை ஒரு கை விரல்களில் எண்ணலாம். அதனால் அன்றைக்கே நான் கொம்பியூட்டரை முழுதாக அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். பத்திரிகைக்கு நான் எழுதும் இந்த வாரப் பத்தியைக்கூட அந்தக் கிழமை கையால்தான் எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போனில் என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டாவது ஸ்லைட் செய்துகொண்டிருந்தபோது... பட்! திரை கறுப்பு. தானாகவே அணைந்துவிட்டது. திங்கள், இரண்டு தரம். செவ்வாய், மூன்று தரம்.

போனில் செய்யலாமே என்கிறீர்களா? போனில் ஸ்லைட் காட்டிக்கொண்டு முகத்தையும் காட்டுகிற வித்தை எங்கள் இருவருக்கும் தெரியாது. வேறு வீட்டில் போய் இருந்து இன்டர்வியூ கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை. “கிடைக்காட்டி அந்தச் சனத்தின்ட முகத்தில எப்பிடி முழிக்கிறது?” என்றாள். நியாயம்தான்.

எங்கள் மெஷினுக்கு வைத்தியம் பார்ப்பவர் நஸீர். டவுனில் கடை. மச்சானின் கலியாண வேலையாக இறக்கக்கண்டியில் நின்றார்.

“சேர், சனிக்கிழமைதான் வருவேன். சூடு கூடித்தான் நிக்குது போல. நான் ஒரு லிங்க் அனுப்புறேன். அந்த சொஃப்ட்வெயாரைப் போட்டுப் பாருங்க. உள்ளுக்கு எங்கெங்க எவ்வளவு சூடு எண்டு சென்சர் எல்லாம் காட்டும்.”

போட்டேன். அப்பப்பா! இவ்வளவு காலமும் வெறும் இரும்புப் பெட்டி என்று நினைத்த ஒன்றுக்குள் எத்தனை சென்சர்! மூளைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று, ஃபான் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதற்கு ஒன்று. எல்லாம் நொடிக்கு நொடி மாறுகின்றன. திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டத்திலும் நம்பரை ஓட விடலாம். எனக்கோ கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல் ஆகிவிட்டது. இருந்த இடத்தில் இருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

“ஹார்ட் நாற்பத்துநாலு!”

குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். “நாற்பத்துநாலா? ஆருக்கு? மயங்கி விழுந்திட்டினமோ?”

“இது அந்த ஹார்ட் இல்லையப்பா. ஹார்ட் டிஸ்க்.”

முறைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

புதன்கிழமை அடுத்த அதிர்ச்சி. ஒரு சென்சர் நூற்றிருபத்தேழு என்று காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. நெருப்புப் பிடிக்கப்போகிறது என்று நான் வயரை இழுக்க ஓடினேன். சுகந்தி எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“நூற்றிருபத்தேழு எண்டால் ஆள் எப்பவோ முடிஞ்சிருக்கும். அதோட, உயிருள்ள எதுவும் இப்பிடி ஒரே இடத்தில நிக்காது. மீற்றர் பிழை. விடுங்கோ.”

நஸீரிடம் கேட்டேன். “மிஸ்ஸி சொல்றது சரி சேர். அந்த இடத்தில சென்சரே இல்லை. சும்மா ஒரு நம்பர் காட்டும்” என்றார்.

பார்த்தீர்களா? கொம்பியூட்டர் படிக்காமலே ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அவள் பேச்சை எப்படித் தட்டுவது? மறுநாள் மூளைப் பகுதி தொண்ணூற்றேழு என்று சிவப்பில் காட்டியபோது, அவள் நார்மல் என்றாள். நானும் “நார்மல்” என்று கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

“உண்மையில தொண்ணூற்றெட்டு தசம் நாலு இருக்கோணும். கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கு” என்றுகூடச் சொன்னாள்.

சிவப்பு? அது வெறும் அலங்காரம் என்று முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெள்ளி என்றால் எங்கள் வீட்டில் சாம்பிராணி. சாமி அறையில் தொடங்கி, ஒவ்வொரு அறையாகச் சட்டியைக் கொண்டுபோய், கடைசியில் கொம்பியூட்டருக்கும் காட்டுவாள். கல்விச் சாமான் அல்லவா? நெற்றியில் சந்தனப் பொட்டுக்கூட இருக்கிறது அதற்கு. புகை காட்டினால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். “பாருங்கோ, எவ்வளவு பக்தியா இழுக்குது!” என்று சந்தோஷப்படுவாள். அன்று இன்டர்வியூ நாள் என்பதால் விசேஷமாக இன்னொரு பிடி சாம்பிராணி போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டு, நன்றாகவே காட்டினாள்.

ஒன்பது மணி. நீலச் சேலை, கொண்டை, மூக்குக் கண்ணாடி. ஒத்திகை பார்க்க இருந்தாள். முதல் ஸ்லைட்... இரண்டாவது ஸ்லைட்... பட்!

திரும்பப் போட்டோம். ஐந்து நிமிஷம். பட்!

சுகந்தி கதிரையில் பின்னால் சாய்ந்தாள். “எனக்கு அமையாது. விடுங்கோ” என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. எத்தனையோ பேரின் சாவைப் பார்த்தும் கலங்காத மனிசி. நஸீருக்குப் போன் போட்டேன்.

“சேர், எவ்வளவு காட்டுது?”

“அணைய முதல் தொண்ணூற்றெட்டு. அது பிரச்சினை இல்லையாம். நார்மல் எண்டு மிஸ்ஸி சொல்லுறா.”

மறுமுனையில் கலியாண வீட்டு ஸ்பீக்கர் மட்டும் கேட்டது.

“சேர்... நம்பருக்குப் பக்கத்தில என்ன எழுத்துப் போட்டிருக்கு?”

“C. கொம்பியூட்டருக்குத்தானே?”

“அல்லாஹ்! சேர், அது செல்சியஸ்! தண்ணி நூறில கொதிக்கும். இன்னும் ரெண்டு டிகிரி போனா நீங்க அதுக்கு மேல தேத்தண்ணிக் கேத்தலை வைக்கலாம்!”

நான் சுகந்தியைப் பார்த்தேன். சுகந்தி என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளுக்கும் எல்லாம் கேட்டது. முப்பத்துநான்கு வருஷம் பரன்ஹைட்டில் காய்ச்சல் பார்த்த கண் அது. தொண்ணூற்றேழு என்றால் அவளுக்கு ஒரு அர்த்தம்தான்.

அவள் முகம் சிவந்தது. ஆனால் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் கதிரையில் இருந்து எழும்பியது பென்சன்காரி அல்ல, வார்டு மிஸ்ஸி.

“நஸீர், இப்ப என்ன செய்யோணும்? சொல்லுங்கோ.”

“வயரைக் கழட்டுங்க. பக்க மூடியைத் திறங்க. ஃபானையும் அதுக்குக் கீழ அலுமினியத் தகட்டையும் துப்பரவாக்குங்க. ஆனா தகட்டைக் கழட்டிராதீங்க!”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கையுறை போட்டாள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, போர்செப்ஸ் எல்லாம் அலுமாரியிலிருந்து வந்தன. “டோர்ச்சை இஞ்ச பிடியுங்கோ. கை நடுங்கக் கூடாது” என்று எனக்கு உத்தரவு. மூடியைத் திறந்தால்... உள்ளே ஒரு குட்டிக் கோவில் கர்ப்பக்கிருகம்! ஃபானின் இதழெல்லாம் சாம்பிராணிப் பிசின். அதில் விபூதி, பஞ்சு, மண் எல்லாம் அப்பிக் கருப்புக் களியாகிக் கிடக்கிறது. தகட்டுக்குள் காற்றுப் போக ஊசி முனையளவு இடமில்லை.

சுகந்தி அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். “நான்தான் செய்திருக்கிறன்” என்றாள் மெல்லமாக. “வெள்ளிக்கு வெள்ளி.”

“கடவுள் குறை நினைக்க மாட்டார். நீர் துடையும்” என்றேன்.

புண்ணுக்கு மருந்து கட்டுவது போல் ஒவ்வொரு இதழாகத் துடைத்தாள். காய விட்டாள். பத்து இருபதுக்கு வயரைக் கொழுவினோம். அறுபத்தாறு! வீடியோ ஓடும்போது எழுபத்தெட்டு. திறந்த பக்கத்தில் நிலத்து ஃபானைத் திருப்பி வைத்தோம். தொண்ணூற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நஸீர் கலியாணத்துக்குப் போனார்.

பத்தரை. திரையில் மூன்று பேர். நடுவில் தலைமை அம்மா ஒருவர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர்.

முதல் கேள்வியே, “மிஸ்ஸி, அங்க புயலா அடிக்குது? நீங்கள் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. அந்தச் சத்தத்தை நிப்பாட்ட ஏலுமா?”

நிலத்து ஃபான்! ஐயோ.

நிறுத்தினேன். எண்பத்திரண்டு. எண்பத்தைந்து. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். குசினியில் சுளகு தொங்கியது. எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே ஊர்ந்தேன். சாரமும் பெனியனுமாக நிலத்தில் குந்தியிருந்து, திறந்த பெட்டிக்கு விசிறத் தொடங்கினேன். திரை எனக்குத் தெரியாது. நம்பர் ஏறினால் சுகந்தி காலால் ஒரு இடி இடிப்பாள். வேகமாக விசிற வேண்டும். மேலே “ஓம் மேடம், சரியாச் சொன்னியள் மேடம்” என்று பணிவான குரல். கீழே என் விலாவில் இடிமேல் இடி. என்ன வாழ்க்கை சொல்லுங்கள்!

மாதிரி வகுப்பு தொடங்கியது. தலைப்பு என்ன தெரியுமா? ‘உடல் வெப்பநிலை பார்ப்பது எப்படி’. போன கிழமையே தெரிவு செய்ததாம். மூன்றாவது ஸ்லைடில் தலைமை அம்மா மறித்தார்.

“மிஸ்ஸி, ஒரு நிமிஷம். உங்கட ஸ்லைட் மூலையில சிவப்பா ஒரு நம்பர் ஓடுதே... தொண்ணூற்றொண்டு. அது என்ன?”

நான் இன்னும் வேகமாக விசிறினேன். அந்தக் கட்டம் அவர்களுக்கும் தெரியும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை! ‘தெரியாது எண்டு சொல்லப்பா, ஸ்லைடில ஒரு பிழை எண்டு சொல்லப்பா’ என்று நான் மேசைக்குக் கீழே மன்றாடினேன், வாய்க்குள்.

“அது இந்தக் கொம்பியூட்டரின்ட காய்ச்சல் மேடம்” என்றாள் சுகந்தி. “செல்சியஸ். நேற்று இது தொண்ணூற்றேழு காட்டினது. நான் பரன்ஹைட் எண்டு நினைச்சு நார்மல் எண்டனான். இவ்வளவு வருஷம் வேலை செய்தும் பக்கத்தில இருந்த எழுத்தைப் பாக்கேல்லை. இண்டைக்கு இது அணைஞ்சு போயிருந்தால், பிழை என்ரதான். பிள்ளையளுக்கு நான் முதல் நாள் சொல்லப்போறது இதைத்தான். நம்பரைப் பாக்க முதல் எழுத்தைப் பாருங்கோ. பழக்கம் எண்டு நம்பாதேங்கோ.”

பிறகு தலைமை அம்மாவின் குரல்.

“இப்ப எண்பத்தொன்பதா இறங்கியிருக்கே. ஆர் நோயாளியைப் பாக்கிறது?”

சுகந்தி கமராவைக் கீழே திருப்பினாள்.

வாசகர்களே, கொழும்பில் மூன்று பெரிய மனிதர்கள் பார்க்க, பெனியனோடு, வேர்த்து வடிந்து, கையில் சுளகோடு நான்! கும்பிடவும் ஏலாது, கை ஓயவும் ஏலாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

நம்பர் காட்ட ஆயிரம் கருவி வந்துவிட்டது. நடந்தால் எத்தனை அடி, நித்திரை எத்தனை மணி, பெட்டிக்குள் எவ்வளவு சூடு... நானும் நாலு நாளாகச் சென்சர் சென்சராக வாசித்தேன். மாதக்கணக்காக என் பக்கத்துக் கதிரையில் ஒருத்தி வாடிக்கொண்டிருந்ததற்கு ‘என்னப்பா’வுக்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நேற்றுக் காலை போன் வந்தது. தலைமை அம்மாதான். சுகந்தி ஸ்பீக்கரில் போட்டாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ்ஸி, முதலாம் திகதி வேலைக்கு வாங்கோ. ஆனா ஒண்டு... சுளகால விசிறின உங்கட அட்டென்டனுக்கு எங்களிட்ட இடமில்லை, மன்னிக்கோணும்!”