பெயர் விடுபட்ட கணவாய்

அளவுகோலை நேராகப் பிடிக்கச் சொன்னால் சுவைலிம் அதில் சாய்ந்துகொள்வார். அந்தப் புதன்கிழமையும் சாய்ந்தார். கோல் நான்கு பாகை சரிந்திருக்கிறது என்றாள் மகள் ஃபித்தா. மலைதான் சரிந்திருக்கிறது என்று அவர் சாதித்தார்.

ஃபித்தா நில அளவையாளர். உம்மு தர்ஃபா மலைத்தொடருக்கும் அதன் காலடியில் கிடக்கும் வறண்ட பள்ளத்தாக்குக்கும் அரசு வரைபடம் அவள் பொறுப்பு. உயரத்தைக் கருவி சொல்லும். பெயரை அப்பாதான் சொல்ல வேண்டும்.

அங்கே யாராவது அசிங்கப்பட்டால்தான் ஓர் இடத்துக்குப் பெயர் கிடைக்கும். தேநீர் கொட்டிய திட்டு. மச்சான் அழுத மேடு. ஆட்டிடம் தோற்ற ஓடை. அதற்கும் ஒரு முறை உண்டு. அசிங்கப்பட்டவர், அதைப் பார்த்தவர் கொடுக்கும் காபியைக் குடித்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் பெயர் செல்லாது. அவர் உயிரோடு இல்லையென்றால் பிள்ளைகள் சிரிக்கலாம்.

சுவைலிம் மலை முழுக்க அலைந்து அடுத்தவர் மானத்தை வாங்கியவர். ஒட்டகத்தில் போகும்போதே சிரிப்பு முட்டி, கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார். ஒரு பாறையைக் காட்டி, "இங்கதான்மா உன் சித்தப்பன் நரிக்கு சலாம் போட்டான்" என்பார். நரி பதில் சொன்னதா என்று கேட்டால், "அது மரியாதை தெரிஞ்ச நரி" என்பார்.

நூற்று நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன. ஒன்று மட்டும் விடுபட்டது: பள்ளத்தாக்குக்கு இறங்கும் கணவாய். அங்கே விழுந்தவர் சுவைலிமே. பார்த்தவர் கீழே குடியிருக்கும் ஃபரீஜ். முப்பது வருஷமாக அவர் காபிக்கு அழைத்தார். இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிறு வரைபடம் அச்சுக்குப் போகிறது, அந்த இடத்தில் எண்தான் போடப்போகிறேன் என்றாள் ஃபித்தா. கோலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"எண்ணா? மலை என்ன ஜெயில் கைதியா? நாளைக்கே போய் அந்தக் கழுதையோட காபியைக் குடிச்சிட்டு வந்துடறேன்."

வியாழன் விடியலில் அவர் எழவில்லை. அன்று மாலையே அடக்கம்.

சனிக்கிழமை ஃபித்தா வரைபடத்தோடு பள்ளத்தாக்கில் இறங்கினாள். ஃபரீஜ் அழுதுகொண்டேதான் காபிக்கொட்டை வறுத்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒட்டகத்தின் மேல் விழுந்தாராம் சுவைலிம். அது மிரண்டு எழுந்து, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவரோடு நேரே ஃபரீஜின் கல்யாணக் கூடாரத்துக்குள் நுழைந்ததாம்.

"இறங்கவே இல்ல புள்ள. வாலைப் பிடிச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் வாழ்த்திட்டு, அப்படியே அந்தப் பக்கமா வெளிய போயிட்டான்."

ஃபித்தா ஒரு மிடறு வாயில் வைத்திருந்தாள். உதடு கோணியது. தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஃபரீஜ் குனிந்து பார்த்தார். மூக்கு வழியாகக் காபி தெறித்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரைபடத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.