மாமா நீளத்துக்கு ஒரு சோபா

சோபா வாங்கப் போன கடைகளிலெல்லாம் அம்மா அப்பாவைப் படுக்கச் சொன்னார். மற்றவர்கள் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். அப்பாவோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்கள் பார்க்கப் பார்க்க மல்லாந்து படுப்பார். அவருடைய குதிகாலுக்கு அப்பால் அம்மா கையை விரித்து ஒரு சாண் அளந்துவிட்டு, "பத்தாது" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. இவர்கள் யாரோ, நான் யாரோ என்று அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அந்தக் கூடுதல் சாண் மாமாவுக்காக. அம்மாவின் தம்பி அவர். ஊரிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்; துவாஸ் பக்கம் ஒரு தொழிலாளர் விடுதியில், ஓர் அறையில் பலரோடு தங்கியிருந்தார். நல்ல உயரம். அடுக்குக் கட்டிலில் காலை நீட்ட முடியாது, முழங்காலை மடக்கித்தான் தூங்குகிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போவார்கள். இவர் குவீன்ஸ்டவுனுக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு ஹாலில் வெறுந்தரையில் படுப்பார்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. என் வகுப்புத் தோழியின் வீட்டில் பால் வெள்ளையில் ஒரு சோபா இருந்தது, எல் வடிவத்தில். மூலையில் சாய்ந்துகொண்டு கார்ட்டூன் பார்க்கலாம். நான்காவது கடையில் அதே மாதிரி ஒன்றைக் கண்டதும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்கு. வெள்ளையில மாமா உக்காரக் கூச்சப்படுவான்" என்றார் அம்மா.

வாரத்தில் ஒரு மதியம் வருகிறவருக்காக ஏழு நாளும் நாங்கள் அசிங்கமான சோபாவில் உட்கார வேண்டுமா? கேட்டுவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக் கீழே இறக்கினார்.

கடைசிக் கடையில், அப்பா மூன்றாவது முறையாகப் படுத்து எழுந்தபோது, கடையின் விற்பனையாளரான சீன மாது சிரித்துவிட்டார். "அங்கிள், யூ பை பெட் லா!" பேசாமல் கட்டிலே வாங்கிவிடுங்கள் என்கிறார். அம்மாவும் சிரித்தார். அங்கேதான் அது கிடைத்தது: காப்பிப்பொடி நிறத் துணி, நடுவில் தடுப்பு இல்லாத நீள இருக்கை, தலை வைக்கத் தோதாகத் தாழ்ந்த கைப்பிடி. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. வீடு திரும்பும்போது ரயிலில் நான் அவர்களைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சோபா வந்த அடுத்த ஞாயிறு மாமா வந்தார். குளித்து, தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அம்மா சமையலறையில் இருந்தார், அப்பா கடைக்குப் போயிருந்தார். மாமா சோபாவைச் சுற்றி வந்து, துணியைத் தொட்டுப் பார்த்து, "பிரமாதம் பாப்பா!" என்றபடி உட்காரப் போனார்.

"மாமா, உங்க தலையில எண்ணெய் இருக்கு. சோபாவுல ஒட்டிக்கும்" என்றேன்.

பாதி குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "அட, ஆமால்ல" என்று சிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

தேநீரோடு வந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏன்டா கீழ உக்காந்திருக்க?"

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "தரைதான்க்கா குளுகுளுன்னு இருக்கு."

அம்மா விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கையைப் பிடித்து இழுத்து சோபாவில் படுக்க வைத்தார். மாமா கைக்குட்டையை விரித்து அதன்மேல் தலையை வைத்துக்கொண்டார். அத்தனை நீள சோபாவில், முழங்காலை மடக்கி, சுருண்டு படுத்தார்.

"காலை நீட்டுடா" என்றார் அம்மா.

"நீட்டுறேன்க்கா" என்றவர் தூங்கிப்போனார். தூக்கத்தில்தான் கால்கள் மெல்ல நீண்டன. அம்மா வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மாமாவின் தலைமுடி காய்ந்து, குத்திட்டு நின்றது. அம்மா பதறினார். "என்னடா இது, தலை இப்படிக் கெடக்கு?"

"எண்ணெய் தீந்துருச்சுக்கா. வாங்க மறந்துட்டேன்."

நான் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. பாவம் மாமா என்று தோன்றியது. குளியலறைக்கு ஓடிப்போய் எங்கள் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். மாமா புட்டியைப் பார்த்தார்; என்னையும் பார்த்தார். "அங்க வை பாப்பா, போறப்ப வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தார். கைக்குட்டை விரிக்கவில்லை.

மாலையில் காலணி போட்டு முடித்த பிறகு, கதவுக்கு வெளியே நடைபாதையில் நின்றபடி உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, தலையில் நன்றாகத் தேய்த்து வாரிக்கொண்டார். புட்டியை என்னிடம் தந்துவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார்.

விடுதிக்குத் தூங்கப் போகிறவர் இப்போது எதற்காகத் தலையை வாரிக்கொள்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.