ராசம்மாவைச் சாகவிடாத முத்தையா

முத்தையா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, மலாக்காவின் காஜா பெராங் கோப்பிக்கடைக்குக் காலை எட்டு மணிக்கு வந்தது. கொண்டுவந்தவர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. "நெஞ்சுவலியாம்," என்றார். பிறகு மூலை மேசையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "போலித் தைலமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஊரைச் சிரிக்கவைத்தே காலம் தள்ளும் எனக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் போலித் தைலம் தேய்த்துச் செத்துப்போனதாக மூன்று மாதத்துக்கு முன்பே மலாக்கா முழுக்க அச்சில் படித்துவிட்டது. சாகும் இடத்தில் தன்னை எழுதிக்கொண்டவர் அண்ணனேதான். படம் வரைந்தவன் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாலான் பெண்டஹாராவில் மூட்டுவலித் தைலம் விற்கும் முதலாளி ஒருவர் இருக்கிறார். விலாசம் வேண்டாம், மூக்கை நம்பிப் போனாலே கடை வந்துவிடும். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு முந்திய வருடம் அந்தத் தைலத்தைச் சீண்ட ஆளில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் நோட்டீசும் எழுதிவந்த அண்ணனைக் கூப்பிட்டார் முதலாளி. அண்ணன் புட்டியை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, தைலத்த எவனும் வாங்கமாட்டான். அதத் தேச்சுக்கிட்ட மனுசிய வேணா வாங்குவான்."

அப்படிப் பிறந்தவள்தான் ராசம்மா. கால் விழுந்து படுத்துவிட்ட பெண். கணவன் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறான். புட்டியைச் சுற்றிவரும் காகிதத்தில் மாதம் ஒரு துண்டாக அவள் கதை வந்தது. முகம் வரையும் வேலை எனக்கு. நான் யாரை வரைந்தாலும் மீசை மழித்த நானாகவே வந்து நிற்கும். பார்த்துப் பார்த்துச் சலித்த அண்ணன், தன் மனைவி செல்லம்மா அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, "இவளப் பாத்து வரை" என்றார். பெரிய பொட்டு, கொஞ்சம் கோணல் சிரிப்பு. அன்று செய்த பிழை அதுதான்.

தைலம் பறந்தது. பத்து பெரெண்டாமிலிருந்தும் புக்கிட் காதிலிலிருந்தும் பெண்கள் வாழைப்பழச் சீப்போடு ராசம்மாவைப் பார்க்கக் காஜா பெராங் வந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரச் சிட்டிக் கிழவிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்து, "காக்கி சுடா பாயிக்?" என்று கால் குணமானதா என விசாரித்தாள். அண்ணி முதலில் சிரித்தார். பழத்தை எனக்கும் கொடுத்தார்.

பிறகு விற்பனை கொஞ்சம் தொய்ந்தது. கதையில் எழுந்து நடந்துவிட்ட ராசம்மாவை அண்ணன் மறுபடி படுக்கவைத்தார். காகிதம் கடைக்கு வந்த வாரமே, குளியலறையில் அண்ணி வழுக்கி விழுந்தார். வலதுகால் பூசணிக்காயாக வீங்கியது. முதலாளியின் தைலத்தில் ஒரு டஜன் தேய்த்தும் வற்றவில்லை. "என்னிய எதுக்குப் படுக்கப் போட்டீங்க?" என்று அண்ணி கேட்டது ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் அண்ணன் பேச்சில் வேடிக்கை குறைந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சந்தையில் போலித் தைலம் வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"ராசம்மா போலித் தைலத்தத் தேச்சா. செத்தா. ஊரே அழணும்."

"அது என் பொண்டாட்டி முகம், மொதலாளி."

"கதைதானேய்யா!"

அண்ணன் எழுந்து போய்விட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். என் சூரத்தனம் உங்களுக்குத் தெரியாததா? "எழுதிடலாங்க," என்றேன். எட்டே வரி. நன்றாகவே வந்திருந்தது என்பதுதான் கேவலம்.

மறுநாள் மத்தியானம் அச்சகத்துக்கு அண்ணன் வந்தார். தாளைப் படித்தார். திட்டவில்லை. "நல்லாயிருக்கு தம்பி. வா, செல்லம்மா முன்னால ஒக்காந்து இதச் சத்தமாப் படி," என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் பென்சிலை வாங்கி ராசம்மா என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்து, 'ராசம்மாவின் கணவர்' என்று எழுதினார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"வரை."

"அண்ணே, வாய்விட்டுச் சொல்லக்கூடாத விசயம் இது."

"கதை ஒரு தலையக் கேட்டா, எழுதுறவன் தன் தலையத்தான் குடுக்கணும். வரைடா."

வரைந்தேன். என் வாழ்நாளில் சாயல் தப்பாமல் வந்த ஒரே ஆண்முகம் அது.

அந்தக் காகிதம் கடைக்கு வந்த அடுத்த வாரமே அண்ணியின் கால் வீக்கம் வடிந்தது. டாக்டர் அதற்கு ஒரு காரணம் சொன்னார். அண்ணன் நெஞ்சுக்கும் ஒரு காரணம் சொல்கிறார். நான் இரண்டையும் நம்பத்தான் பார்க்கிறேன். அடக்கத்தன்று அண்ணி கம்பு ஊன்றாமல் வாசல்வரை நடந்து வந்து நின்றபோது, கூட்டத்தில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்கள்.

கருமாதி முடிந்த அன்று முதலாளி என் வீட்டுக்கு வந்தார். அடுத்த காகிதத்துக்கு ராசம்மா வேண்டுமாம், பொட்டில்லாமல். தனியாகக் கிடந்து அவளும் தேய்கிறாளாம். "சனங்க காத்திருக்கு," என்றார்.

அண்ணனிடமிருந்து நான் எழுத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும்போதே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டேன். "அண்ணிய வரையமாட்டேன். கதைக்கு ஆள் வேணும்னா, படம் போட்டவன் செத்தான்னு போடுங்க. என் மூஞ்சிய நானே வரைஞ்சு தரேன்," என்றேன்.

முதலாளி என் மூஞ்சியை நெடுநேரம் பார்த்தார். "இதுக்கு எவன் அழுவான்?" என்றார். போகும்போது, "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

ஒன்பது நாளாகிறது. என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால், போய்ப் பார்ப்பதற்கு முன் என் கை தானாக நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.