சாட்சியில்லாத புள்ளிகள்

கனடாவிலிருந்து வந்த மூன்றாம் நாள், தங்கை என் மேசையில் இரண்டு பொருட்களை வைத்தாள். ஒன்று, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கைவிளையாட்டுப் பெட்டி. பழசு மாதிரியே புதிதாகச் செய்து அங்கே விற்கிறார்களாம். அசல் பெட்டி என் அலுமாரியில், ஒரு கோப்புறைக்குள் கிடப்பது அவளுக்குத் தெரியாது.

மற்றது எங்கள் தம்பிக்கு மரணச் சான்றிதழ் கேட்கும் படிவம். அவன் காணாமற்போய் முப்பது வருடத்துக்கு மேல். கோப்பாய் வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவன் பெயர் இன்னும் நிற்கிறது.

"ஊருக்கெல்லாம் நிரப்பிக் குடுத்தனீங்கள் அண்ணை. எங்கடை தம்பிக்கு மட்டும் ஏன் இழுக்கிறியள்?"

உண்மைதான். பிள்ளையைத் தொலைத்த எத்தனையோ தாய்மாருக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கட்டத்துக்கு வெளியே எழுதியவர்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

அவள் பெட்டியை முடுக்கினாள். அதே கீச்சு மெட்டு.

போரினால் பற்றரி வடக்குக்கு வரத் தடையிருந்த காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்போம். பல்கலைக்கழகக் காம்பஸில் படித்த தம்பி அதே கம்பியை விளையாட்டுப் பெட்டிக்கும் கொடுத்தான். அவன் விளையாட, நான் சுற்றவேண்டும். சுற்று நின்றால் திரை வெளுக்கும். எடுத்த புள்ளியும் அதோடு போய்விடும்.

ஒரு பின்னேரம் கத்தினான். "அண்ணை, இஞ்சை பாருங்கோ! இவ்வளவு புள்ளி ஒருத்தரும் எடுக்கேல்லை. ஒரு துண்டிலை எழுதிக் கையெழுத்து வையுங்கோ. புத்தூரான் நம்பமாட்டான்."

புத்தூரான் அவனுடைய சிநேகிதன், போட்டிக்காரனும்கூட. பின்னேரங்களில் எங்கள் சந்தியில் நிற்பான்.

"உடன்பிறந்தவன் சாட்சி செல்லாது. வெளியாள் வேணும்" என்றேன். நான் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாகி ஒரு வருடம். விதிகள் இனித்த காலம்.

"உங்களோடை கதைச்சு வெல்லேலாது. அவனையே கூட்டிக்கொண்டு வாறன். சுத்துறதை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

"ஓம், ஓம். கெதியா வா."

சைக்கிள் தலைகீழாக நின்றதால் நடந்து போனான்.

வலக்கை களைத்ததும் இடக்கையால் சுற்றினேன். பொழுதுபட்டு, திரை கண்ணுக்குத் தெரியாமற்போனபோது நிறுத்தினேன். புள்ளியை எழுதிவைக்கவில்லை. எழுதினாலும் செல்லாது என்று நானே சொல்லியிருந்தேனே.

புத்தூரான் அன்று முழுப் பின்னேரமும் சந்தியில்தான் நின்றானாம். தம்பி அங்கே வரவேயில்லை என்றான். வீட்டுக்கும் சந்திக்கும் இடையில் நாலைந்து வேலிகள்தான்.

அந்த நேரமானால் இப்போதும் டைனமோ உரசும் சத்தம் கேட்கும். எழும்பிப் போய் வாசல் படலையைப் பார்ப்பேன். காதிரைச்சல் என்கிறார் மருத்துவர். அவருக்கும் ஒரு கட்டத்தை நிரப்பவேண்டுமே.

தங்கை படிவத்தில் விரல் வைத்தாள். "கையெழுத்தை இதிலை வையுங்கோ."

"வெளியாள்..." என்று தொடங்கினேன்.

"தேவையில்லையாம். கேட்டுட்டன். கடைசியாக் கண்டது நீங்கள்தானே அண்ணை. உடன்பிறந்தவர் சொன்னால் காணுமாம்."

கடைசியாகக் கண்ட இடம்: வீடு. வெளியே சென்ற காரணம்: சாட்சி ஒருவரை அழைத்துவர. அது கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

பெட்டியில் அவளுடைய ஆட்டம் முடிந்து, புள்ளி மட்டும் திரையில் நின்றது. நிறுத்தக் கை நீட்டினாள்.

"நிப்பாட்டாதை!"

நான் அப்படிக் கத்தியதை அவள் கேட்டதேயில்லை. கையை எடுத்தாள். பிறகு பெட்டியை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

நாலு நாள் அது என் மேசையில் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் திரை வெளுத்தது. புதுப் பற்றரிகள் மேசை லாச்சிக்குள் இருந்தன. இன்று அவற்றுக்குத் தடையும் இல்லை. நான் எடுக்கவில்லை.

கையெழுத்து வைத்தேன். அதற்குக் கீழே உறவுமுறைக்கு ஒரு கட்டம். அண்ணன் என்று எழுதினேன்.

டைனமோ உரசிக்கொண்டுதான் இருந்தது.