நிற்கிற அலை

கடலில் வளர்ந்தவனுக்கு ஆறெல்லாம் ஒரு தண்ணீரா? இப்படித்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வீட்டில் எனக்கு வேலை. அவருக்கு அறுபத்தெட்டு வயது, மனைவி இல்லை. சமையல், துணி, துப்புரவு எல்லாம் நான்தான். தெருவே அவரைத் 'தொத்தோரே', அதாவது டொக்டர், என்று கூப்பிடும், நானும் அப்படியே.

தொத்தோரேவுக்கு ஒரே ஆசை: நேபாளத்தில் சுன்கோசி ஆற்றில் ரப்பர் படகில் எட்டு நாள் போக வேண்டும். மிலானில் இருந்த ஒரே மகளுக்கும் ஒரே ஆசை: பலெர்மோ வீட்டை விற்று, அப்பாவைத் தன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் தொலைபேசியில் சண்டை பிடித்துவிட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அவர் படகிலிருந்து விழாமல் திரும்பி வந்தால் வீட்டுப் பேச்சை அவள் இனி எடுக்க மாட்டாள். விழுந்தால் மறுபேச்சில்லாமல் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் போக வேண்டும்.

"உனக்குப் படகு தெரியுமோ?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"என்ன சிஞ்ஞோரா இப்பிடிக் கேக்கிறியள்? மன்னாரில எங்கட குடும்பமே கடல்தான். ஆறெல்லாம் எனக்குத் தூசு!"

வீடு போனால் என் வேலையும் போகும் என்பது வேறு கதை.

படகில் ஆறு பேர். நாங்கள் இருவர், தூரினோவில் இருந்து வந்த மூன்று பேர், பின்னால் இருந்து கட்டளை போடும் நேபாள வழிகாட்டி. முதல் மூன்று நாளும் சொர்க்கம். பகலெல்லாம் துடுப்பு, மத்தியானம் வெள்ளை மணலில் சோறும் பருப்பும். தொத்தோரே மீசை நனைய நனையச் சிரித்தார். நானோ சும்மா இருக்கவில்லை. காற்று, நீரோட்டம், அலை என்று மூன்று நாளும் அளந்த அளப்பில், இத்தாலியர்கள் வழிகாட்டியை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாலாம் நாள் வளைவு திரும்பியதும் முன்னால் ஓர் அலை. அம்மாடி, வீட்டுக் கூரை உயரம்! "வலியுங்கள், வலியுங்கள்!" என்று வழிகாட்டி கத்தினான். கடலில் எங்கள் வழக்கம் வேறு. பெரிய அலை வந்தால் படகை நேரே பிடித்துக்கொண்டு பொறுத்திருப்போம். அது தூக்கும், இறக்கும், தன் பாட்டில் போய்விடும். நான் கையை உயர்த்தினேன்.

"நிப்பாட்டுங்கோ! அலை போகட்டும்!"

நாலு துடுப்பும் நின்றன. அலை மட்டும் போகவில்லை. ஆற்றில் தண்ணீர்தான் ஓடும், பாறையைத் தாண்டி எழும்புகிற அலை ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். இது கோதாரி பிடித்த எனக்கு எப்படித் தெரியும்? படகு அதில் ஏறிச் சரிந்தது. நான் வெளியே.

மடு மாதாவே என்று ஒரு வாய் திறந்தேன், அரை ஆறு உள்ளே போய்விட்டது. யாரோ என் மிதவைச் சட்டையின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தார்கள். தொத்தோரே! படகின் கயிற்றில் சுற்றியிருந்த அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது, அப்படியும் பிடியை விடவில்லை. என்னை உள்ளே போட்டுவிட்டு மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"என்ன, அலை போயிட்டுதோ?"

வழிகாட்டி தடி வைத்துக் கையைக் கட்டிவிட்டான். மீதி நாளெல்லாம் அவர் நடுவில் ராசா மாதிரி இருந்தார். நான் வெட்கத்தில் செத்தேன். மன்னார்க்காரன் படகிலிருந்து விழுந்தான் என்று எங்கள் ஆட்கள் கூடும் பல்லரோ சந்தை மீன்கடையில் தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? "தொத்தோரே, நான் விழுந்ததை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்சினேன். சரி என்று கை தந்தார், இடது கை.

பலெர்மோ வீட்டில் மகள் பத்திரத்தோடு காத்திருந்தாள். அப்பாவின் கையில் மாக்கட்டைக் கண்டதும், "விழுந்திட்டீங்கள்" என்றாள்.

"ஹோட்டல் கதவு அடிச்சது."

"அப்பா, பொய் சொல்லாதேங்கோ. சொன்ன சொல் சொன்ன சொல்தான்."

தொத்தோரே என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையால் பேனையை எடுத்தார். என் மீன்கடை மானத்துக்காக இந்த மனுசன் வீட்டையே கொடுக்கப் போகிறார்! எனக்கு என் மேலேயே அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"சிஞ்ஞோரா, அவர் விழேல்லை. விழுந்தது நான்!" ஒன்றுவிடாமல் சொன்னேன், என் கட்டளை உட்பட.

"இவரோ உன்னை இழுத்தவர்?"

"ஓம். மற்றக் கை முறிஞ்சும் விடேல்லை."

அவள் அப்பாவின் கையிலிருந்த பேனையை மெதுவாக வாங்கி மூடினாள்.

"அப்பாவை நான் கொண்டுபோனால், உன்னை ஆர் பாக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.